பேராண்டிக்கு ஒரு பிட்டு

வாடா பேராண்டி, வா. எல்லாம் காதுக்கு வந்துடுச்சு. ஜனவரியில எழுதின ஜேஇஇ மெயின்ல 98.6 பர்சென்டைலாமே! உங்கப்பன் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவுல யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கினு இருக்கான். பர்சென்டைல்னா இன்னான்னு அவனுக்கும் தெரியாது, கேக்கிறவனுக்கும் தெரியாது. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டரை மார்க்குன்னு நினைச்சுக்கினு மளிகைக் கடைக்காரர் ஒரு பொட்டலம் கல்கண்டு குடுத்தனுப்பியிருக்காரு. நான் எதுக்குத் திருத்தறேன்?

அப்பால உங்கம்மா வந்தா. அவ கையில வேற ஒரு தாள். அரையாண்டுத் தேர்வு, 600க்கு 358. கணக்கு 91, இயற்பியல் 64, கம்ப்யூட்டர் 58, இங்கிலீஷ் 54, வேதியியல் 47, தமிழ் 44. இந்தத் தாளை யாரும் கடைத்தெருவுக்குக் கொண்டு போகல. மடிச்சு அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சிருந்தாளாம்.

உக்காரு. நான் காலேஜ் வாசலை மிதிச்சவன் இல்ல. ஆனா அரசுப் பள்ளிக்கூட லேப்ல அட்டெண்டரா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். வாத்தியாருங்க பசங்க மார்க்கைப் பார்ப்பாங்க, நான் பசங்க கையைப் பார்த்தவன். பியூரெட்டைக் கழுவாம மாட்டுற பையன் யாரு, பக்கத்து மேசையில ரீடிங்கை எட்டிப் பார்க்கிற பையன் யாருன்னு எனக்கு முதல்ல தெரியும், செய்முறைப் பரீட்சைக்கு வர்ற எக்ஸ்டர்னலுக்கு அப்பாலதான் தெரியும்.

முதல்ல உன் 98.6. நல்ல சங்கதிதான், மறுக்கல. மெயின் ஒரு தடவைக்குப் பன்னெண்டு லட்சம் பேர் எழுதுறாங்கன்னு வெச்சுக்கோ. உனக்குப் பின்னாடி பதினோரு லட்சத்துக்கு மேல நிக்கிறாங்க. சந்தோஷம். முன்னாடி? பதினாறாயிரத்துச் சொச்சம் பேர். அவங்க யாரும் திருக்கழுக்குன்றம் பக்கம் வராததால உங்கப்பனுக்கு அது தெரியல.

இப்ப ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். ஒரு தாள் சொல்லுது, பையனுக்குப் பாடம் வருதுன்னு. இன்னொரு தாளும் கிட்டத்தட்ட அதேதான் சொல்லுது: பாடம் வருது, பையன்தான் வகுப்புக்கு வரல.

"மார்க்கெல்லாம் மனப்பாடம்மா, நான் புரிஞ்சு படிக்கிறவன்"னு நீ உங்கம்மாகிட்ட சொன்னியாமே. சோக்கா சொன்ன. வேதியியல்ல 47 வாங்கினவன் புரிஞ்சு படிக்கிறவன், 95 வாங்கின எதிர்வீட்டுப் பொண்ணு புரியாமப் படிக்கிறவ. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். உனக்குக் கல்வித் திட்டமே கோணல்.

உடனே ராமானுஜனை இழுப்பே. தெரியும். மார்க் குறைஞ்ச பையன் இருக்கிற வீட்டிலெல்லாம் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல ராமானுஜன் படம் இருக்கும். அந்த மனுஷன் 1904ல கும்பகோணம் அரசுக் கல்லூரியில உதவித்தொகையோட சேர்ந்து, கணக்கைத் தவிர எதையும் தொடாம, உதவித்தொகையை இழந்தவர். அப்பால சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தாரு, எஃப்.ஏ. பரீட்சை அங்கயும் தேறல. 1912ல துறைமுகத்துல மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. மறுவருஷம்தான் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத ஆளுக்கு மாசம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்தது. எல்லாம் சரி. ஆனா ஒண்ணை மறந்துட்ட. அவர் நோட்டு நோட்டா எழுதி நிரப்பினவர், அந்த நோட்டை இன்னைக்கும் உலகம் படிச்சுக்கினு இருக்கு. உன் நோட்டை உன் வாத்தியாரே இன்னும் பார்க்கல.

உன்னைத் திட்டிட்டேன், இனி ஊரைத் திட்டுவோம். எந்தத் தாளை நம்புறதுன்னு தெரியாம முழிக்கிறது நீ மட்டும் இல்ல பேராண்டி, கவர்மெண்டே அப்படித்தான் முழிச்சுக்கினு வந்திருக்கு. 1984ல எம்ஜிஆர் ஆட்சியில நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300. உன் பெரியப்பன் எழுதினான். அந்த நூறுக்காக விடிகாலை ரயிலைப் பிடிச்சு மெட்ராஸுக்கு டியூஷன் போனான். உங்க சித்தப்பன் போகல, ரயிலுக்குக் காசு இருந்தது, டியூஷனுக்கு இல்ல. கிராமத்துப் புள்ளைங்களுக்கு அந்த நூறு மார்க்குதான் இடிக்குதுன்னு கலைஞர் ஆட்சியில சட்டம் போட்டு எடுத்தாங்க. 2007ல இருந்து பொறியியலுக்குப் பிளஸ் டூ மார்க்கு மட்டும்தான்: கணக்கு நூறு, இயற்பியல் அம்பது, வேதியியல் அம்பது, கட்ஆஃப் 200. எடுத்தது நியாயம்னுதான் நான் இன்னைக்கும் சொல்வேன். டாக்டர் படிப்புக்கு மட்டும் 2017ல நீட் வந்து உக்காந்துக்கிச்சு. 180 கேள்வி, 720 மார்க்கு, பிளஸ் டூ மார்க்குக்கு அதுல ஒரு மார்க்குகூட மதிப்பு இல்ல. அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் தனியா ஒதுக்கினது 2020ல. அது இல்லாம இருந்தா எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜை ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுதான் பார்த்திருக்கும்.

டெல்லிக்காரன் மட்டும் என்ன வாழ்றான்? என்ஐடியில சேர 2013ல இருந்து 2016 வரைக்கும் ஜேஇஇ மெயினுக்கு 60 சதவீதம், பிளஸ் டூ மார்க்குக்கு 40 சதவீதம்னு கலந்து ரேங்க் போட்டான். போர்டுக்கு ஒரு கணக்கு, வருஷத்துக்கு ஒரு கணக்குன்னு குழம்பி, 2017ல அதைத் தூக்கிப் போட்டுட்டான். ஆக, இப்ப உன் நிலைமை இதுதான். சர்தார் பட்டேல் சாலையில ஒரு பக்கம் கிண்டி பொறியியல் கல்லூரி. உன் 98.6ஐ அங்க கொண்டு போனா, "தம்பி, பிளஸ் டூ மார்க்கு ஷீட்டை எடு"ம்பாங்க. அதே சாலையில கொஞ்சம் தள்ளி ஐஐடி. பிளஸ் டூவுல 597 வாங்கினதை அங்க கொண்டு போனா, "அதெல்லாம் இருக்கட்டும், ஜேஇஇ அட்வான்ஸ்டுல ரேங்க் இன்னா"ம்பாங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க நம்ம பக்கம். அந்த ஒரு சாலையில மட்டும் அது வாசலுக்கு வாசல் வேற விலைக்குப் போகுது.

"அப்போ ஐஐடிக்காரன் மார்க்கு பார்க்க மாட்டான், நான் தப்பிச்சேன்"னு மனசுக்குள்ள சிரிக்கிற. அங்கதான்டா உனக்கு வெச்சிருக்கான் ஆப்பு. ரேங்க் போடுறப்ப மார்க்கு பார்க்க மாட்டான், உள்ள விடுறப்ப பார்ப்பான். 2006ல 60 சதவீதம் வேணும்னு ஆரம்பிச்சு, இப்ப 75 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. புள்ளைங்களுக்கு 65. இல்லேன்னா உன் போர்டுல முதல் 20 பர்சென்டைலுக்குள்ள இருக்கணும். கொரோனா காலத்துல இந்த நிபந்தனையைத் தளர்த்தினாங்க, 2023ல திரும்ப மாட்டிட்டாங்க. என்ஐடிக்கும் அதேதான். நம்ம மாவட்டத்துல, மேலக்கோட்டையூர்ல இருந்துக்கினு பேருல மட்டும் காஞ்சிபுரத்தை வெச்சிருக்கிற ஐஐஐடிடிஎம்முக்கும் அதேதான். வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துல போயிடலாம், 75 இருந்தா.

கணக்குப் போடு. ஆறு பாடத்துல அஞ்சுதான் எடுப்பான். கணக்கு, இயற்பியல், வேதியியல், மொழியில எது கூடவோ அது ஒண்ணு, அப்பால இன்னொரு பாடம். உனக்கு 91, 64, 47, 54, 58. கூட்டினா 314. வேண்டியது 375. பாக்கி 61. ஜேஇஇயில ஒரு கேள்விக்கு 4 மார்க்குன்னு பதினாறாயிரம் பேரைத் துரத்திக்கினு இருக்கிறவன், இந்த 61ஐ வீட்டுல தொலைச்சிட்டுப் போறான்.

இதை நான் பயமுறுத்தறதுக்குச் சொல்றதா நினைக்காதே. 2024ல குஜராத்துல ஒரு பொண்ணு நீட்ல 720க்கு 705 வாங்குச்சு, பிளஸ் டூவுல இயற்பியலும் வேதியியலும் ஃபெயில். பேப்பர்லயெல்லாம் வந்தது. 705க்குக் கிடைக்கக்கூடிய மெடிக்கல் காலேஜை நினைச்சுப் பாரு, பிளஸ் டூ பாஸ் இல்லாம அதுக்குள்ள கால் வெக்க முடியுமா? அந்த மார்க்கு எப்படி வந்ததுன்னு ஊரே ஆளுக்கு ஒண்ணு பேசிச்சு. சின்னப் பொண்ணு, நான் பேச மாட்டேன். பேச்சுக்கு இடம் குடுத்தது ரெண்டு தாளுக்கும் நடுவுல இருந்த பள்ளம்.

சரி, எதிர்ப்பக்கமும் ஒரு கதை இருக்கு. மும்பைப் பொண்ணு ஒண்ணு. பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு வீட்டுலயே படிச்சது. பத்தாவதும் இல்ல, பன்னெண்டாவதும் இல்ல. ஆனா உலகக் கம்ப்யூட்டர் ஒலிம்பியாட்ல மூணு பதக்கம், ரெண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். ஐஐடி வாசல்ல பன்னெண்டாவது சான்றிதழ் இல்லாம நிக்கவே முடியாதில்ல? அதைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, எம்.எஸ்சி. அளவுப் பாடம் சொல்லிக் குடுத்த இடம் எது தெரியுமா? நம்ம சிறுசேரி. சென்னைக் கணிதவியல் நிறுவனம், சிஎம்ஐ. நீ மாமல்லபுரத்துல இருந்து ஓஎம்ஆர்ல பஸ்ல போறப்ப கண்ணாடிக் கட்டடமாப் பார்த்துக்கினு வாயைப் பொளப்பியே, அந்த சிப்காட் வளாகத்துக்குள்ளதான் இருக்கு. 2016ல அந்தப் பொண்ணை அமெரிக்காவுல எம்ஐடி சேர்த்துக்கிச்சு.

அந்த நிறுவனத்தை ஆரம்பிச்சவரு நம்ம ஊர் ஆளுடா. சி.எஸ். சேஷாத்ரி. பொறந்தது காஞ்சிபுரம், வளர்ந்தது செங்கல்பட்டு. அப்பா அங்க வக்கீல். படிச்சது செங்கல்பட்டு சூசையப்பர் பள்ளிக்கூடம், அப்பால லயோலா. பம்பாய்ல டாடா ஆராய்ச்சி நிறுவனத்துல பெரிய கணித மேதையா இருந்துட்டு, 1989ல சென்னையில ஸ்பிக் கம்பெனி ஆதரவுல சின்னதா ஒரு கணிதப் பள்ளி ஆரம்பிச்சாரு. 1998ல பி.எஸ்சி. படிப்பு தொடங்கினப்ப, பட்டம் குடுக்க அதுக்கு உரிமை கிடையாது. மத்தியப் பிரதேசத்துல, போபால்ல இருக்கிற போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் அந்தப் பசங்களுக்குப் பட்டம் குடுத்தது. யோசிச்சுப் பாரு. நாட்டுல உசந்த கணக்குப் பாடம் இங்க நடக்குது, சான்றிதழ் தபால்ல போபால்ல இருந்து வருது. 2005ல சிறுசேரிக்கு வந்தாங்க, மறுவருஷம்தான் நிகர்நிலை அந்தஸ்து. மார்க்கு ஷீட்டு சரியில்லாம ரொம்ப நாள் அலைஞ்ச இடம்கிறதால, அடுத்தவன் மார்க்கு ஷீட்டை அவங்க பெருசா நோண்டுறதில்லை போல. பிளஸ் டூ பாஸ் பண்ணணும், அவங்க வெக்கிற நுழைவுத் தேர்வுல ஜெயிக்கணும். மே மாசம் நடக்கும்.

முகம் மலருதே! இரு இரு. அந்தத் தேர்வுல கட்டம் கட்டமா விடையைக் குறிச்சிட்டு எழுந்து வர முடியாது. பாதிக் கேள்விக்கு வழி எழுதணும், ஏன் அப்படின்னு நிரூபிக்கணும். உன் கணக்கு வாத்தியார் என்கிட்ட சொன்னாரு, "பையன் விடை சரியா போடுறான், ஸ்டெப்பு எழுத மாட்டேங்கிறான், அதுல ஒன்பது மார்க்கு போச்சு"ன்னு. எந்தச் சோம்பேறித்தனம் உன்னைப் பள்ளிக்கூடத்துல கவுத்துச்சோ, அதுவே சிறுசேரியில வாசல்ல உக்காந்துக்கினு டிக்கெட் கிழிக்குது.

வேற வாசல் வேணுமா? சென்னை ஐஐடியே டேட்டா சயின்ஸ்னு ஒரு ஆன்லைன் பட்டப்படிப்பு ஆரம்பிச்சிருக்கு. ஜேஇஇ வேணாம். நாலு வாரம் பாடம் நடத்தி, அதுலயே பரீட்சை வெச்சு, தேறினா சேர்த்துக்கறான். ஆனா வாரா வாரம் வீட்டுப்பாடம் முடிச்சு அனுப்பணும். ஏன்டா முகம் சுருங்குது? மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022ல இருந்து க்யூட்டுன்னு ஒரு தேர்வு, திருவாரூரும் அதுல உண்டு. அதுக்கு முன்னாடி டெல்லியில ஒரு காலேஜ் நூத்துக்கு நூறு கட்ஆஃப் போட்டதெல்லாம் உண்டு, அந்தக் காலம் போச்சு. வக்கீலுக்குப் படிக்க கிளாட் எழுதினா பிளஸ் டூவுல 45 சதவீதம் போதும். வாய் இருக்கு உனக்கு, அதுல சந்தேகமில்ல. ஈசிஆர்ல உத்தண்டியில இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கு. தனி நுழைவுத் தேர்வு, அதோட இயற்பியல், வேதியியல், கணக்கு மூணும் சேர்த்து 60 சதவீதம், பத்தாவதுலயோ பன்னெண்டாவதுலயோ இங்கிலீஷ்ல 50. உனக்கு மூணும் சேர்த்து 300க்கு 202, இங்கிலீஷ் 54. உன் அரையாண்டு மார்க்கே அங்க செல்லுபடியாகும்! ஆனா முட்டுக்காட்டுல படகு ஏறினதுக்கே வாந்தி எடுத்தவன் கப்பல் இஞ்சினீயர் ஆகணுமான்னு நீயே முடிவு பண்ணு. தனியார் பல்கலைக்கழகங்க ஜிஎஸ்டி ரோடு நெடுக இருக்கு, ஆளுக்கொரு நுழைவுத் தேர்வு. அங்க ரெண்டு தாளுக்கு மேல மூணாவதா ஒரு தாளும் பார்ப்பாங்க. அது உங்கப்பன் பேங்க் பாஸ்புக்கு.

அமெரிக்காவுல இருக்கிற உன் மாமன் வேற போன்ல, "அங்க எல்லாம் எதுக்கு, சாட் எழுதச் சொல்லுங்க, டெஸ்ட்ல பின்னிடுவான்"னு ஏத்தி விட்டானாம். உண்மைதான், கொரோனாவுல சாட் வேணாம்னு சொன்ன எம்ஐடி 2022ல திரும்பக் கேக்க ஆரம்பிச்சது. 2024ல ஹார்வர்டும் அப்படியே. ஆனா அவன் ஒன்பதாவதுல இருந்து நாலு வருஷ மார்க்கையும் வரிசையா விரிச்சு வெச்சுக்கினு பார்ப்பான். டெஸ்ட்டு ஒசந்து மார்க்கு தாழ்ந்தா அவன் உன்னை மேதைன்னு நினைக்க மாட்டான், திறமை இருந்தும் உழைக்காதவன்னு நினைப்பான். போதாததுக்கு வாத்தியார்கிட்ட கடிதம் வாங்கிக்கினு வாம்பான். உனக்கு யாருடா எழுதுவாங்க? கெமிஸ்ட்ரி வாத்தியாரா? "மேற்படி மாணவர் என் வகுப்பில் பயின்றதை வருகைப் பதிவேட்டின் மூலம் அறிகிறேன்"னு எழுதுவாரு.

மார்க்கு ஏன் குறைஞ்சதுன்னு காரணம் எழுத இடம் விடுவாங்களாம். நிஜமாவே வீட்டுல கஷ்டம் இருந்தா, உடம்பு முடியாம இருந்தா, நாலு வரியில உள்ளதை எழுதலாம், தப்பில்ல. நீ எழுதிடாதே. உன் லீவு லெட்டர்ல உங்க பாட்டியை ஏற்கெனவே கொன்னிருக்க. நேத்து ராத்திரி அவதான் உனக்குத் தோசை சுட்டா.

இன்னும் ஒண்ணு உன் நாக்கு நுனியில நிக்குது, அதையும் நானே சொல்லிடறேன். "தாத்தா, மாமல்லபுரத்துல அஞ்சு ரதமும் வேலை முடியாம பாதியிலதான் நிக்குது, அதையே யுனெஸ்கோ 1984ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துக்கிச்சு. என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாதியில நின்னா மட்டும் என்ன?" நல்ல கேள்வி. பல்லவ ராஜாவுக்கு 1,300 வருஷம் காத்திருக்க முடிஞ்சது. உனக்கு ஜூன்ல கவுன்சலிங்.

இப்ப பிட்டுக்கு வரேன். இது அட்டெண்டருங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம், வெளியில சொல்லாதே. 600 மார்க்குல 120 பள்ளிக்கூடத்துக்குள்ளயே கிடக்கு. இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் மூணுக்கும் தலா 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. மத்த மூணுக்கும் தலா பத்து. அந்தப் பத்துல வகுப்புக்கு வந்து சும்மா உக்காந்திருந்ததுக்கும் பங்கு உண்டு. இந்த 120க்குக் கோட்டா ஊர்ல கோச்சிங் கிடையாது, நெகட்டிவ் மார்க்கு கிடையாது, பர்சென்டைல் கிடையாது. உனக்கு முன்னாடி நிக்கிற பதினாறாயிரம் பேரும் இதுல போட்டிக்கு வர முடியாது.

வேதியியல் செய்முறையைப் பத்தி மட்டும் சொல்றேன், மத்ததை நீயே பார்த்துக்கோ. எக்ஸ்டர்னல் வந்து உக்காந்ததும் முதல்ல கேக்கிறது தண்ணி, ரெண்டாவது ரெக்கார்டு. ரெக்கார்டு அட்டை போட்டுக் கையெழுத்தோட இருந்தா அந்த ஆள் மனசு பாதி கரைஞ்சுடும். டைட்ரேஷன் பண்றப்ப பெர்மாங்கனேட்டைத் திறந்து விட்டுட்டு ஜன்னலைப் பார்க்காதே. கடைசியில சொட்டுச் சொட்டா விடணும். ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுத்தணும். வெளிறின ரோஸ் கலர் வந்து, சுத்தினாலும் மறையாம நின்னா, உடனே குழாயை மூடு. கெட்டியான கலர் வர வரைக்கும் விடுறவன் அவசரக்காரன். ஜேஇஇயில ரேங்க் வாங்கின எத்தனை பேர் என் கண்ணு முன்னாடி கலரைத் தாண்டி விட்டுட்டு, "அங்கிள், கொஞ்சம் புது கரைசல் குடுங்க"ன்னு நின்னிருக்காங்க தெரியுமா? குடுத்தேன். ரெக்கார்டு முடிச்சவங்களுக்கு மட்டும்.

பிப்ரவரியில செய்முறை, மார்ச்சுல பப்ளிக், ஏப்ரல்ல மெயின் ரெண்டாவது தடவை, மே மாசம் சிறுசேரி. 61 மார்க்கு பெரிய மலையில்ல. தமிழ்ல 44 வாங்கினதுக்கு மட்டும் எனக்கு மன்னிப்பு கிடையாது. அது அந்த அஞ்சு பாடக் கணக்குல வராதுன்னு உனக்குத் தெரிஞ்சதும் நீ விட்டுடுவேன்னும் தெரியும், அதனால சொல்லாம இருந்திருக்கணும்.

போ, போய் ரெக்கார்டுல விட்டுப்போன சோதனைகளை எழுதி முடி. எதிர்வீட்டுப் பொண்ணோட நோட்டை வாங்கி அப்படியே பார்த்து எழுதாதே, அவ ரீடிங்கும் உன் ரீடிங்கும் ஒண்ணா இருந்தா எக்ஸ்டர்னலுக்குத் தெரியும். வாத்தியார் கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் வேணும். கையெழுத்து இல்லாத ரெக்கார்டோட வந்தவனை நான் லேப் வாசலைத் தாண்ட விட்டதே இல்ல, ஹெட்மாஸ்டர் பையனா இருந்தாலும்.